சம்பளம் இல்லாத நாற்காலி: ராஜாஜியின் வாழ்க்கையும் கவுன்சிலரின் 5,000 ரூபாயும்

ஆத்தூர் நகராட்சியில் மொத்தம் 33 வார்டுகள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு மாசம் எவ்வளவு சம்பளம்னு யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒண்ணுமே கிடையாது என்பார்கள் சிலர். லட்சக்கணக்கில் வரும் என்பார்கள் சிலர். இரண்டுமே சரியில்லை. அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். அதற்கு முன்பு மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு படி கிடைக்கும், அவ்வளவுதான்.

நகராட்சிப் பதவி என்றால் சம்பளம் வாங்காமல் செய்யும் சேவை என்ற எண்ணம் நம் ஊரில் ரொம்ப காலமாக இருக்கிறது. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளம் இல்லாத வேலையை யாரால் செய்ய முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, பழைய சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, பிறகு நாட்டின் கவர்னர் ஜெனரல் வரை உயர்ந்தவர் அவர். பெயர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. நமக்கு ராஜாஜி.

கிராம முன்சீப் வீட்டுப் பிள்ளை

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர், ஓசூர் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று சேலம் மாவட்டம். அப்போதைய சேலம் மாவட்டம் ரொம்பப் பெரிது. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும், திருச்செங்கோடு உட்பட நாமக்கல்லின் ஒரு பகுதியும் அதற்குள் இருந்தன. ஆத்தூரும் அதில் ஒரு தாலுகா.

அப்பா கிராம முன்சீப். ஊரில் மரியாதை பெரிது, வருமானம் சிறிது என்ற வகை வேலை அது. பையனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. ஓசூரில் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் காலேஜ், பிறகு சென்னையில் சட்டம் என்று படித்து முடித்தார். 1900-ல் சேலம் வந்து வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

சில வருடங்களிலேயே சேலத்தின் முன்னணி வக்கீல்களில் ஒருவராகிவிட்டார். வழக்குகள் குவிந்தன, வருமானமும் நிறைய வந்தது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் அடித்தளம் இந்தச் சம்பாத்தியம்தான்.

சேலத்தில் ஏற்கெனவே நடந்த ஒரு வழக்கு

ராஜாஜி வருவதற்கு முன்பே சேலம் நகராட்சி நாடு முழுக்கப் பேசப்பட்டிருந்தது. காரணம், சேலம் சி. விஜயராகவாச்சாரியார். 1882-ல் அவர் நகராட்சி உறுப்பினர். அந்த ஆண்டு சேலத்தில் நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று அவர் மீது வழக்கு போட்டார்கள். கடும் தண்டனையும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார்.

இதற்கிடையில் அரசு அவரை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. அவர் அதையும் விடவில்லை. அரசு மீதே வழக்குப் போட்டு ஜெயித்தார். கிடைத்த இழப்பீடு 100 ரூபாய்.

சம்பளம் இல்லாத பதவிக்காக ஒருவர் ஏன் அரசோடு மல்லுக்கு நிற்க வேண்டும்? அந்தக் காலத்தில் இந்தியர்கள் கையில் கொஞ்சமாவது அதிகாரம் இருந்த இடம் நகராட்சி மன்றம்தான். தண்ணீர், தெருவிளக்கு, சாலை, சுகாதாரம் எல்லாம் அங்கே முடிவானது. பதவிக்குப் பணம் வராவிட்டாலும் மதிப்பு இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படி வழக்குப் போட்டு நிற்க ஒரு வக்கீலால் முடிந்தது.

1911: ஒரே வருடம், இரண்டு ஊர்கள்

1911-ல் ராஜாஜி சேலம் நகராட்சி உறுப்பினரானார். அதற்குச் சம்பளம் கிடையாது. ஓட்டுரிமையும் எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டும் அளவுக்குச் சொத்தோ வருமானமோ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. ஓட்டுப் போடவே வசதி வேண்டும் என்றால், பதவியில் உட்கார இன்னும் வசதி வேண்டும்.

அதே 1911-ல் லண்டனில் ஒரு மாற்றம் நடந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை உறுப்பினர்களுக்கு முதல்முறையாக முறையான சம்பளம் வந்தது, ஆண்டுக்கு 400 பவுண்டு. அதற்கு முன்பு நிலக்கிழார்களும், வக்கீல்களும், பெரிய வியாபாரிகளும் சொந்தக் காசில் எம்.பி.யாக இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஜெயித்து வந்தால் தொழிற்சங்கம்தான் அவர் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்.பி.க்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று சார்ட்டிஸ்ட் இயக்கத் தொழிலாளர்கள் 1838-லேயே கேட்டிருந்தார்கள். அது கிடைக்க எழுபது வருடங்களுக்கு மேல் ஆனது.

நம் நாட்டை ஆண்ட நாடு தன் எம்.பி.க்களுக்குச் சம்பளம் தர ஆரம்பித்த அதே வருடம், ராஜாஜி சம்பளமில்லாத பதவியில் நுழைந்தார்.

1917: சேர்மன் ராஜாஜி

1917-ல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார். வயது 38. மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒரு பக்கம் வக்கீல் தொழில், இன்னொரு பக்கம் நகராட்சி. அவர் இரண்டு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலகட்டத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது தண்ணீர். அக்ரகாரத்துக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் ராஜாஜியின் சொந்தச் சாதிக்காரர்கள். அவர் பணியவில்லை. இரண்டாவது, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முதல்முறையாகச் சேலம் நகராட்சி உறுப்பினராக வருவதற்கு அவர் காரணமாக இருந்தார். நூறு வருடத்துக்கு முந்தைய சேலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கேதான் சம்பளக் கேள்வி வந்து நிற்கிறது. சாதித் தடையைத் தாண்டி ஒருவர் மன்றத்துக்குள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தினக்கூலியை நம்பி வாழ்பவர் கூட்டத்துக்கு வரும் நாளில் கூலியை யார் தருவார்கள்? ராஜாஜி ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் வருமானம் கொஞ்சம் குறையும். நெசவுத் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு நாள் தறியை நிறுத்தினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. நாற்காலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதில் உட்காரக் கொடுக்கும் விலை ஒன்றில்லை.

அதே காலத்தில் பக்கத்து ஊரான ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் ஈ.வெ.ராமசாமி. பின்னாளில் பெரியார். அவரும் சம்பளத்துக்காக வந்தவர் இல்லை. வசதியான வியாபாரக் குடும்பம். கொள்கையில் பிறகு எதிரெதிர் துருவங்களானாலும் இருவரும் கடைசிவரை நண்பர்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் வணிகர். இருவரும் நல்ல தலைவர்கள் என்றுதான் பெயர் வாங்கினார்கள். ஆனால் அந்த நாற்காலிகளுக்கு அன்று வர முடிந்தவர்கள் யார் என்பதையும் இந்த ஜோடி காட்டிவிடுகிறது.

சம்பாத்தியத்தை விட்டவர்

1919-ல் ராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அந்த ஆண்டு மார்ச்சில் காந்தி சென்னை வந்தபோது தங்கியது அவர் வீட்டில்தான். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை காந்திக்கு வந்ததும் அங்கேதான். அடுத்து வந்த ஒத்துழையாமை இயக்கத்தில் ராஜாஜி வக்கீல் தொழிலையே கைவிட்டார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர் சிறைக்குப் போனார்.

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். வறட்சியான பூமி. கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் என்று வேலை நடந்தது. எழுத்தாளர் கல்கி அங்கே ராஜாஜியுடன் இருந்து விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை செய்தார். சேலத்தில் வசதியாக வாழ்ந்த வக்கீல், ஆசிரமக் குடிசை வாழ்க்கைக்கு மாறியிருந்தார்.

இதைத் தியாகம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் தியாகம் செய்ய முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இது ராஜாஜியைக் குறைத்துச் சொல்வதாகாது. அவர் வழியில் எல்லோரும் வர முடியாது என்பதுதான் விஷயம். இதை அவரே உணர்ந்திருந்தார் என்று எண்ண இடமிருக்கிறது. ஆட்சிக்கு வந்ததும் அவர் செய்த இரண்டு காரியங்களைப் பார்த்தால் புரியும்.

1937: மேலே வெட்டு, கீழே சம்பளம்

1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து, ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். இன்றைய முதல்வர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். அதற்கு முன்பு நீதிக்கட்சி ஆட்சியில் அமைச்சர்கள் மாதம் 4,000 ரூபாய்க்கும் மேல் சம்பளம் வாங்கினார்கள். பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் நொந்துபோயிருந்த காலத்தில் அது பெரிய குற்றச்சாட்டாக இருந்தது.

காங்கிரஸ் 1931-ல் கராச்சி மாநாட்டில் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. அரசு ஊழியத்தில் யாருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்பது அதில் ஒரு பகுதி. ஆட்சிக்கு வந்த மாகாணங்களில் அதைத் தங்கள் அமைச்சர்களுக்கே முதலில் பொருத்தினார்கள். ராஜாஜியும் அவரது அமைச்சர்களும் வாங்கியது மாதம் 500 ரூபாய். வீட்டுக்கும் காருக்கும் தனிப் படி உண்டு. அமைச்சருக்குக் கீழே வேலை செய்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் அவரைவிடப் பல மடங்கு வாங்கினார்கள். அந்தச் சம்பளத்தில் கை வைக்க மாகாண அரசுக்கு அதிகாரம் இல்லை.

இது ஒரு பாதி. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் வழங்கும் சட்டமும் அதே 1937-ல் வந்தது என்பது மறு பாதி. அமைச்சர் சம்பளத்தை எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிய அதே ஆட்சி, சாதாரண உறுப்பினருக்குச் சம்பளம் கொடுத்தது. இரண்டும் முரண் போலத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே கணக்குதான். பதவி பணம் சேர்க்கும் இடமாகவும் இருக்கக் கூடாது, பணம் இருப்பவருக்கு மட்டுமான இடமாகவும் இருக்கக் கூடாது.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டது அரசியலுக்கும் உதவியது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது தன் சொந்தச் சேலம் மாவட்டத்தில். ஆத்தூர் தாலுகாவிலும் கள்ளுக்கடை, சாராயக்கடைகள் மூடப்பட்டன. மதுவிலக்கு விரிவடைய, போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி அது. மக்களிடம் புது வரி கேட்கும் அமைச்சர், தன் சம்பளத்தை முதலில் வெட்டியிருப்பது பேச்சுக்கு ஒரு பலம்.

விட்டுப்போன இடம்

அமைச்சருக்குச் சம்பளம் முடிவானது, எம்.எல்.ஏ.வுக்கும் முடிவானது. ராஜாஜி எங்கே ஆரம்பித்தாரோ அந்த நகராட்சி மட்டும் பழையபடியே இருந்தது. நகராட்சித் தலைவர், உறுப்பினர் பதவிகள் கௌரவப் பதவிகளாகவே தொடர்ந்தன.

ராஜாஜி அதற்குப் பிறகும் நீண்ட காலம் அரசியலில் இருந்தார். 1939 அக்டோபரில் போர்ப் பிரச்சினையில் காங்கிரஸ் அரசுகள் பதவி விலகின. 1947-ல் மேற்கு வங்க ஆளுநர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர். 1952-ல் சென்னை மாநில முதல்வராகத் திரும்பி வந்தார். தேர்தலில் நிற்காமல் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானது அன்றே விமர்சிக்கப்பட்டது.

அவர் ஆட்சியில் எடுத்த முடிவுகள் எல்லாமே வரவேற்பு பெறவில்லை. 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தி கொண்டுவந்து பெரும் போராட்டத்தைச் சந்தித்தார். 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்பது அதன் சாரம். பிறந்த சாதியின் தொழிலிலேயே பிள்ளைகளைத் தேக்கிவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1954-ல் அவர் விலக, காமராஜர் முதல்வரானார். சேலம் நகராட்சியில் ஒரு தடையை உடைத்தவரே இங்கே தடை போடுகிறவராகப் பார்க்கப்பட்டார்.

1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கைகோத்து, தான் வளர்த்த காங்கிரஸையே தமிழ்நாட்டில் தோற்கடிக்க உதவினார். தேர்தலில் பணம் பெருகுவதைப் பற்றிக் கடைசிக் காலம்வரை கவலைப்பட்டு எழுதினார். 1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் காலமானார்.

ஆத்தூர் கணக்கு

1992-ல் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நிறைவேறி, மறுவருடம் அமலுக்கு வந்தது. நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கிடைத்தது. பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டில் 2016-ல் பெண்கள் ஒதுக்கீடு 50 சதவீதமானது. கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது. சம்பளம் மட்டும் வரவில்லை. கேரளத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு மாத மதிப்பூதியம் முன்பே இருந்தது.

2023-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவிப்பால் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் அது வந்தது. நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000, துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 5,000 ரூபாய். பேரூராட்சியில் இதே வரிசையில் 10,000, 5,000, 2,500. மாநகராட்சி மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000. சேலம் இப்போது மாநகராட்சி. அங்கே ராஜாஜி உட்கார்ந்த இடத்தில் இருப்பவருக்கு இப்போது மாதம் 30,000 ரூபாய்.

இதை ஆத்தூருக்குப் பொருத்திப் பார்ப்போம். தலைவர், துணைத் தலைவர், மீதி 31 உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேர்த்து மாதம் 1,80,000 ரூபாய். வருடத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம். 2011 கணக்கெடுப்பின்படி ஆத்தூர் மக்கள்தொகை 61 ஆயிரத்துக்கும் மேல். ஒருவருக்கு வருடத்துக்கு 35 ரூபாய் வருகிறது. ரெண்டு மூணு டீ காசு.

வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். 2023-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 294 ரூபாய். கவுன்சிலரின் 5,000 என்பது அந்தக் கணக்கில் 17 நாள் கூலி. தமிழ்நாடு எம்.எல்.ஏ. ஒருவருக்குப் படிகளோடு சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய். கவுன்சிலரைப் போல 21 மடங்கு. ராத்திரி பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணி வரலைன்னா யாருக்குப் போன் போகும்னு உங்களுக்கே தெரியும்.

எதிர்வாதமும் இருக்கிறது. தேர்தலுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்கிறவருக்கு 5,000 ஒரு பொருட்டா? சம்பளம் கொடுத்தால் கமிஷன் நின்றுவிடுமா? நிற்காது. சம்பளம் ஊழலுக்கு மருந்து இல்லை. அதற்குத் தணிக்கை வேண்டும், வெளிப்படையான டெண்டர் வேண்டும், கேள்வி கேட்கும் மக்கள் வேண்டும். சம்பளம் செய்யக்கூடிய வேலை வேறு. ஜவ்வரிசி ஆலையில் வேலைக்குப் போகும் ஒரு பெண், பெண்களுக்கான வார்டில் நிற்கலாமா என்று யோசிக்கும்போது, கூட்ட நாளில் போகும் கூலியை அது கொஞ்சமாவது ஈடுகட்டும். இல்லைன்னா அந்த வார்டிலும் வசதியான வீட்டுப் பெயர்தான் வரும். கையெழுத்து ஒருவர், நிர்வாகம் இன்னொருவர் என்று ஆகிவிடும்.

ராஜாஜி போல ஒருவர் சம்பளமில்லாமல் வந்து ஊருக்கு நல்லது செய்யலாம். அப்படிப்பட்டவர் எப்போதாவது கிடைப்பார். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி 33 வார்டுகளை நடத்த முடியாது. 1937-ல் அவரது ஆட்சி எம்.எல்.ஏ.க்களுக்குச் செய்ததை, அவர் தொடங்கிய நகராட்சிக்குச் செய்ய இன்னும் 86 வருடங்கள் ஆயின. இப்போது வந்திருக்கும் 5,000 ஒரு தொடக்கம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் வார்டில் யார் யார் மனுப் போடுகிறார்கள், அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். இந்தத் தொகை போதுமா இல்லையா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இருக்கும்.